காசாகாத பாகம்

வீட்டில் ஆயுள் முடிந்த எந்த மின் சாதனத்தையும் இரண்டு பங்காகப் பார்க்கலாம்: காசாகிற பாகம், காசாகாத பாகம். காயலான் கடைக்காரர் பழைய டிவியைத் தூக்கிப் பார்த்து விலை சொல்லும்போது முதல் பங்குக்கு மட்டும்தான் கணக்குப் போடுகிறார். பிக்சர் டியூபின் கழுத்தில் சுற்றிய செம்பு, போர்டு, கொஞ்சம் இரும்பு. ஃப்ரிட்ஜ் என்றால் கம்ப்ரசர். வயர் என்றால் உறைக்குள் இருக்கும் செம்பு. ஈயக் கண்ணாடி, ஃபோம், கேஸ், ஆசிட், பாதரசம், உப்பிப்போன பேட்டரி எல்லாம் மிச்சம். அந்த மிச்சம் ஏரிக்கரைக்கோ கால்வாய்க்கோ குப்பைக் கிடங்குக்கோ போகிறது, இல்லையென்றால் கொளுத்தப்படுகிறது. மின்குப்பையை யாரிடம் கொடுக்கலாம் என்று யோசிக்கும்போது, காசாகாத பாகத்தையும் சேர்த்து எடுத்துக்கொள்பவர் யார் என்று கேட்டால் போதும். பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இதில் காயலான் கடைக்காரர்மேல் கோபப்பட ஒன்றுமில்லை. இரும்பு, அலுமினியம், பித்தளை, அட்டை ஆகியவற்றை அவரைவிட ஒழுங்காகத் திரும்பச் சுழற்சிக்கு அனுப்புகிறவர் கிடையாது. ஈயக் கண்ணாடியை வைக்க இடமும், கேஸை உறிஞ்சி சிலிண்டரில் அடைக்கிற இயந்திரமும் அவரிடம் இல்லை, அவ்வளவுதான். வெறும் இரும்பு ஸ்டாண்டு, அலுமினியச் சட்டம், ஃபேன் இறக்கை எல்லாம் தாராளமாக அவரிடம் போகலாம்.

தமிழ்நாட்டு வீடுகளில் இந்தக் குவியலுக்கு ஒரு தனி வரலாறு இருக்கிறது. 2006-ல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட 14 அங்குல டிவிகள் வீடுகளுக்குப் போயின. 2011-ல் மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் வந்தன. அதே ஆண்டில் மாணவர்களுக்கு லேப்டாப் வரத் தொடங்கியது. ஒரே காலகட்டத்தில் வீடு புகுந்தவை ஏறக்குறைய ஒரே காலகட்டத்தில்தான் பரணுக்கும் போகின்றன. பரணிலிருந்து எங்கே போவது என்பதுதான் இன்றைய கேள்வி.

முதலில், தூக்கிப் போடும் முன் ஒரு சின்னச் சோதனை. மிக்ஸி திடீரென்று நின்றால் அடியில் சிவப்பாக ஒரு ஓவர்லோடு சுவிட்ச் இருக்கும், அதை அழுத்திப் பாருங்கள். தீப்பொறியும் கருகல் வாசனையும் வந்தால் பெரும்பாலும் கார்பன் தேய்ந்திருக்கும். மோட்டார் ஓடியும் ஜாரில் பிளேடு சுற்றவில்லை என்றால் மோட்டாரையும் ஜாரையும் இணைக்கும் கப்ளர் போயிருக்கும். சீலிங் ஃபேன் மெதுவாகச் சுற்றினாலோ, கையால் தள்ளிவிட்டால்தான் கிளம்புகிறது என்றாலோ கண்டன்சரை மாற்றினால் போதும். வழக்கமாக 2.5 மைக்ரோஃபாரட், பழையதில் என்ன எண் அச்சாகியிருக்கிறதோ அதையே வாங்க வேண்டும். கிரைண்டர் கல் நின்று மோட்டார் மட்டும் ஓடினால் பெல்ட். இவையெல்லாம் சில்லறைச் செலவுகள். சென்னைவாசிகளுக்கு எலக்ட்ரானிக் உதிரிப் பாகக் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு இருக்கிறது. மற்ற ஊர்களில் பஜாரில் ஒரு மிக்ஸி ரிப்பேர்க் கடையாவது இருக்கும். மோட்டார் காயில் எரிந்துபோயிருந்தால்தான் யோசிக்க வேண்டும்.

இனி டிவி. வீட்டிலிருந்து வெளியேறுகிற பொருள்களில் மிக மோசமாகக் கையாளப்படுவது பழைய பிக்சர் டியூப் டிவிதான், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம். டியூபின் முன்பக்கத் தடித்த கண்ணாடியில் பேரியமும் ஸ்ட்ரான்ஷியமும் இருக்கும். பின்னால் புனல் மாதிரி குறுகிப் போகும் கண்ணாடியில் எடைக்கு ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் ஈய ஆக்சைடு. கழுத்துப் பகுதியில் அதைவிட அதிகம். டியூப் வேலை செய்யும்போது உண்டாகிற எக்ஸ் கதிர்களைத் தடுக்கத்தான் இத்தனை ஈயம். திரையின் உள்பக்கம் பூசிய பாஸ்பர் பொடி, துத்தநாக சல்பைடும் யிட்ரியம் சேர்மங்களும் கலந்தது. மூச்சில் போகக் கூடாது.

கடையில் நடப்பது இது. பின்மூடியைக் கழற்றி, டியூபின் மெல்லிய கழுத்தைக் குறடால் நொறுக்குவார்கள். உள்ளே வெற்றிடம் என்பதால் 'புஸ்' என்று காற்று உள்ளே ஏறும். கழுத்து போனதும் அதைச் சுற்றியிருக்கும் செம்புக் காயிலை அப்படியே உருவிவிடலாம். டியூபைச் சுற்றி ஓடும் இன்னொரு காயில், ஃபிளைபேக் டிரான்ஸ்ஃபார்மர், போர்டு, ஸ்பீக்கர், திரைக்குள் இருக்கும் இரும்பு வலை, பிளாஸ்டிக் மூடி எல்லாம் தனித்தனியாகப் போகும். சில நிமிட வேலை. கடைசியில் எடையில் பெரும்பங்கான கண்ணாடி மட்டும் மிஞ்சும். அதை ஒரு ரூபாய்க்கும் வாங்க ஆள் கிடையாது.

ஒரு காலத்தில் இந்த ஈயக் கண்ணாடியை உருக்கிப் புதிய பிக்சர் டியூபே செய்தார்கள். எல்சிடி, எல்இடி டிவிகள் வந்து டியூப் உற்பத்தியே நின்ற பிறகு அந்த வழி அடைபட்டது. இன்று முறையான ஆலையில் முன்கண்ணாடியையும் புனல்கண்ணாடியையும் சூடான கம்பி போன்ற முறைகளால் பிரித்து, பாஸ்பரை வேக்குவமில் உறிஞ்சி, ஈயக் கண்ணாடியை ஈய உலைக்கு அனுப்ப வேண்டும். இதில் ஆலைக்குச் செலவுதான் அதிகம். அதனால்தான் பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனங்கள்கூடப் பழைய டிவி என்றால் தயங்குகின்றன, சில கட்டணம் கேட்கின்றன. டிவிக்குக் காசு தருகிறேன் என்பவரைவிட, டிவியை எடுக்கக் காசு கேட்பவர்மேல் எனக்கு நம்பிக்கை அதிகம். கண்ணாடிக்கு ஆகும் செலவை அவர் கணக்கில் வைத்திருக்கிறார் என்று அர்த்தம்.

நீங்கள் செய்ய வேண்டியது குறைவு. பின்மூடியைக் கழற்றவே வேண்டாம். வண்ண டிவியின் டியூபில் 20,000 வோல்ட்டுக்கும் மேல் மின்னழுத்தம் ஏறும்; பிளக்கைப் பிடுங்கி வெகுநேரம் ஆனாலும் டியூப் அந்த மின்னூட்டத்தைக் கொஞ்சம் பிடித்து வைத்திருக்கும். தூக்கும்போது திரைப்பக்கம் உங்கள் மார்பை ஒட்டி இருக்கட்டும், ஏனென்றால் எடை முழுக்க முன்னால்தான். பின்பக்கம் தாங்கித் தூக்கினால் குப்புறச் சாய்ந்து கழுத்து உடையும். மொட்டை மாடியில் மழை வெயிலில் போட்டு வைக்காதீர்கள். டியூப் உடைந்துவிட்டால் துடைப்பத்தால் பெருக்கிப் பொடியைக் கிளப்பாமல், முகக்கவசமும் தடித்த கையுறையும் போட்டு, ஈரத் துணியால் ஒற்றி எடுத்து, கண்ணாடியோடு சேர்த்துக் கனமான அட்டைப் பெட்டியில் அடைத்து, மேலே எழுதி வையுங்கள்.

எல்இடி டிவிக்கு இந்தப் பிரச்சினை இல்லை. ஆனால் 2010-ஐ ஒட்டி வாங்கிய எல்சிடி டிவிகள் பலவற்றில் திரைக்குப் பின்னால் மெல்லிய பாதரச விளக்குக் குழாய்கள் இருக்கும். பேனலை வளைத்து உடைத்தால் அவை நொறுங்கும். திரையில் விரிசல் விட்டிருந்தாலும் உடைக்காமல் படுக்கைவிரிப்பில் சுற்றிச் செங்குத்தாக வைத்து அனுப்ப வேண்டும்.

பேட்டரிக்கு வருவோம். இங்கே ஆபத்து ஏரிக்கரையில் இல்லை, உங்கள் வீட்டு அலமாரியிலேயே இருக்கிறது. செல்போன், பவர் பேங்க், லேப்டாப், புளூடூத் ஹெட்செட் எல்லாவற்றிலும் லித்தியம் அயான் பேட்டரி. உள்ளே நேர்முனைத் தகடும் எதிர்முனைத் தகடும் ஒரு மெல்லிய சவ்வால் பிரிக்கப்பட்டிருக்கும். அந்தச் சவ்வு கிழிந்தால் உள்ளேயே ஷார்ட் ஆகும், சூடேறும், அந்தச் சூடே அடுத்தடுத்த வேதிவினையைத் தூண்டும், தீ பிடிக்கும். குப்பை லாரியில் குப்பையை அழுத்தும்போது நடப்பது இதுதான். வீட்டுக் குப்பையோடு போட்ட ஒரே ஒரு பவர் பேங்க் போதும்.

உப்பிய பேட்டரியை எப்படி அடையாளம் காண்பது? போனின் பின்மூடி ஓரத்தில் இடைவெளி விழும், திரை ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும், லேப்டாப்பின் டச்பேட் அழுந்தாது, மேசையில் வைத்தால் ஆடும். பார்த்த உடனே சார்ஜ் போடுவதை நிறுத்துங்கள். அமுக்கிச் சமப்படுத்துவது, ஊசியால் குத்திக் காற்றை வெளியேற்றுவது இரண்டும் கூடாது. உள்ளே இருப்பது காற்று இல்லை, எரியக்கூடிய வாயுக்கள். கையால் கழற்ற முடிகிற பேட்டரி என்றால் கழற்றி, முனைகளில் இன்சுலேஷன் டேப் ஒட்டி, காய்ந்த மணல் போட்ட மண்சட்டியிலோ எவர்சில்வர் பாத்திரத்திலோ புதைத்து, வெயில் படாத பால்கனியில் வையுங்கள். பாத்திரத்தை இறுக்கி மூடக் கூடாது, வாயு வெளியேற வழி வேண்டும். கழற்ற முடியாத போன் என்றால் போனோடு அப்படியே வையுங்கள். ஸ்குரூ டிரைவரை வைத்து நெம்பிப் பேட்டரியைப் பெயர்த்தால் உள்ளே சவ்வு கிழிந்து தீப்பிடிக்கலாம். உப்பிய பேட்டரியைக் கூரியரிலும் அனுப்பாதீர்கள்.

உப்பாத, நல்ல நிலையில் உள்ள பேட்டரிக்கு முனைகளில் டேப் ஒட்டினால் போதும். ஸ்மோக் அலாரம், மல்டிமீட்டரில் வரும் 9 வோல்ட் பேட்டரிக்கு இரண்டு முனையும் அடுத்தடுத்து இருப்பதால் டேப் கட்டாயம். பையில் ஒரு சாவியோ நாணயமோ உரசினாலே ஷார்ட் ஆகும். பட்டன் செல்லை இரண்டு பக்கமும் டேப்பால் மூடிவிடுங்கள். காரணம் குப்பை மட்டுமில்லை, குழந்தைகள். விழுங்கிய பட்டன் செல் உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் திசுவை அரிக்கத் தொடங்கிவிடும், வாந்தி எடுக்க வைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். ரிமோட், கடிகாரத்தில் போடும் சாதாரண பென்சில் செல்கள் இத்தனை ஆபத்தானவை இல்லை, ஆனாலும் தனியே சேர்த்துக் கொடுப்பதே முறை. பழைய கார்ட்லெஸ் போன், டிரிம்மர்களில் இருக்கும் நிக்கல் காட்மியம் செல்களைக் குப்பையில் போடவே கூடாது. காட்மியம் சிறுநீரகத்தில் சேருகிற நஞ்சு.

கொசு பேட்டை மின்குப்பை என்று யாரும் நினைப்பதில்லை. நம் ஊரில் ஒரு வீட்டில் இரண்டு மூன்றாவது செத்துக் கிடக்கும். அதன் கைப்பிடிக்குள் 4 வோல்ட் குட்டி லெட் ஆசிட் பேட்டரி, புதிய மாடல் என்றால் லித்தியம் செல், கூடவே உயர் மின்னழுத்தக் கண்டன்சர். சுவிட்சை அணைத்த பிறகும் வலையில் கொஞ்ச நேரம் கரண்ட் நிற்கும். பிளாஸ்டிக் பிடி போட்ட ஸ்குரூ டிரைவரால் உள்வலையையும் வெளிவலையையும் ஒருசேரத் தொட்டால் 'டிக்' என்று ஒரு பொறியோடு அடங்கிவிடும். பிறகு முழுசாகவே மின்குப்பைப் பெட்டியில் போடுங்கள். எமர்ஜென்சி லைட், சார்ஜர் டார்ச் லைட் இரண்டும் இதே ரகம்.

இன்வெர்ட்டர் பேட்டரியின் கதை தலைகீழ். எடையில் பாதிக்கு மேல் ஈயம் என்பதால் காசாகிற பாகம் பெரிது, வாங்க எல்லோரும் வருவார்கள். 150 ஏஎச் டியூபுலர் பேட்டரி 50 கிலோவைத் தாண்டும். அதில் பத்து லிட்டருக்கும் மேல் நீர்த்த கந்தக அமிலம். 'ஆசிட்டைக் கொட்டிட்டு வாங்க, ட்ரை வெயிட்டுக்கு ரேட் போடறேன்' என்று சொல்கிற இடத்தில் விற்கவே விற்காதீர்கள். அந்த ஆசிட் சாக்கடைக்குத்தான் போகும், அதில் கரைந்த ஈயமும் கூடவே. புதிய பேட்டரி வாங்கும் கடையிலேயே எக்ஸ்சேஞ்சில் கொடுங்கள். 2022-ன் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் எல்லா வகைப் பேட்டரிக்கும் தயாரிப்பாளரையே பொறுப்பாக்கியிருக்கின்றன. தூக்கும் முன் மேலே உள்ள மூடிகள் இறுகியிருக்கின்றனவா என்று பார்த்து, நிமிர்த்திய நிலையிலேயே கொண்டுபோங்கள். ஆசிட் தரையில் சிந்தினால் ஆப்பசோடாவைத் தாராளமாகத் தூவி, நுரை அடங்கும்வரை காத்திருந்து, பிறகு தண்ணீர் விட்டுக் கழுவலாம்.

ஃப்ரிட்ஜில் காசாகாத பாகம் கண்ணுக்கே தெரியாது. கம்ப்ரசரை எடுக்கக் குழாயை வெட்டினால் உள்ளே இருக்கும் கேஸ் ஒரு நிமிடத்தில் காற்றில் கலந்துவிடும். கம்ப்ரசர் மீதோ பின்பக்க ஸ்டிக்கரிலோ எந்த கேஸ் என்று எழுதியிருக்கும். மிகப் பழையது என்றால் ஆர்-12. ஓசோனை அரிப்பது, கரியமில வாயுவைவிடப் பத்தாயிரம் மடங்கு வெப்பத்தைப் பிடிப்பது. ஆர்-134ஏ என்றால் ஓசோனுக்குக் கெடுதல் இல்லை, வெப்பம் பிடிப்பதில் ஆயிரத்துச் சொச்சம் மடங்கு. ஆர்-600ஏ என்றால் ஐசோபியூட்டேன், அடுப்பு கேஸின் உறவு. பருவநிலைக்குப் பெரிய கேடில்லை, ஆனால் தீப்பிடிக்கும். மஞ்சள் முக்கோணத்தில் தீச்சுடர் ஸ்டிக்கர் இருந்தால் அது இந்த ரகம். இதைக் கவனிக்காமல் கேஸ் கட்டர் வைத்து வெட்டுகிறவருக்கே ஆபத்து. ஆர்-12 காலத்து ஃப்ரிட்ஜ்களில் குழாயில் இருப்பதைவிடச் சுவரின் ஃபோமுக்குள் அடைபட்ட வாயு அதிகம். ஃபோமை உடைத்துக் குப்பையில் கொட்டினால் அதுவும் போயிற்று.

எக்ஸ்சேஞ்சில் கொடுப்பதுதான் வீட்டுக்காரருக்கு எளிது. ஆனால் எக்ஸ்சேஞ்சில் எடுத்த எல்லா ஃப்ரிட்ஜும் ஆலைக்குப் போய்விடுகிறது என்று நம்பிவிட வேண்டாம். ஓடுகிற நிலையில் இருந்தால் பழைய பொருள் வியாபாரிக்கும், ஓடாவிட்டால் உடைக்கும் இடத்துக்கும் போவது சகஜம். 'பதிவு பெற்ற எந்த ரீசைக்ளருக்கு அனுப்புவீர்கள்?' என்று கேட்டு, பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். கேட்பவர்கள் பெருகினால் கடைக்காரரும் பதிலைத் தயாராக வைத்திருப்பார். கொடுப்பதற்கு முந்தின நாளே அணைத்து, ஐஸ் உருகவிட்டு, பின்னால் உள்ள தட்டின் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். வாசலில் வைத்திருக்கும் நேரத்தில் கதவைக் கயிற்றால் கட்டி வையுங்கள். குழந்தை உள்ளே ஏறி மாட்டிக்கொண்டால் வெளியே சத்தம் கேட்காது.

ஏசிக்கு ஒரு கூடுதல் வசதி உண்டு. கழற்றும் முன் உள்ளே இருக்கும் கேஸ் முழுவதையும் வெளி யூனிட்டுக்குள் இழுத்துப் பூட்டிவிடலாம். மெக்கானிக்குகள் பம்ப் டவுன் என்பார்கள். ஏசியை 16 டிகிரியில் ஓடவிட்டு, வெளி யூனிட்டின் மெல்லிய குழாய் வால்வை ஆலன் கீயால் மூட வேண்டும். தடித்த குழாயில் மாட்டிய அழுத்தமானியின் (கேஜ்) முள் பூஜ்யத்தை நெருங்கியதும் அந்த வால்வையும் மூடி, உடனே ஏசியை அணைக்க வேண்டும். அணைக்கத் தாமதித்தால் கம்ப்ரசர் வெற்றாக ஓடிச் சூடேறும், கசிவு இருந்தால் காற்றை உள்ளே இழுத்து வெடிக்கவும் செய்யும். அதனால் இது மெக்கானிக் வேலை, உங்கள் வேலை கேட்பது மட்டும். அவசரக்காரர் நட்டைக் கழற்றி 'புஸ்' என்று வெளியே விட்டுவிடுவார். ஆர்-22 ஒரு கிலோ வெளியேறினால் அது ஏறத்தாழ 1,800 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். ஒன்றரை டன் ஏசியில் சுமார் ஒரு கிலோ கேஸ் இருக்கும்.

டியூப்லைட், சிஎஃப்எல் இரண்டிலும் காசாகிற பாகமே கிடையாது. அதனால்தான் தெருமுனைக் குப்பைத்தொட்டியில் கொத்தாகச் சாத்தி வைத்திருப்பார்கள். ஒவ்வொன்றிலும் சில மில்லிகிராம் பாதரசம். புது டியூப் வந்த அட்டை உறையை எறியாமல் வைத்திருந்து, பழையதை அதில் செருகி, கதவு மூலையில் நிறுத்தி, விழாமல் கட்டி வையுங்கள். உடைந்தால் ஃபேன், ஏசியை அணைத்து, ஜன்னலைத் திறந்து, கால் மணி நேரம் அந்த அறையை விட்டு வெளியே இருங்கள். பிறகு கெட்டி அட்டையால் சில்லுகளை அள்ளி, பொடியைச் செல்லோடேப்பால் ஒற்றி எடுத்து, ஈரக் காகிதத்தால் துடைத்து, எல்லாவற்றையும் மூடி போட்ட கண்ணாடி பாட்டிலில் போடுங்கள். துடைப்பமும் வேக்குவம் கிளீனரும் பாதரசத்தை வீடெங்கும் பரப்பும். எல்இடி பல்பில் பாதரசம் இல்லை, சாதாரண மின்குப்பைதான்.

வயர், சார்ஜர், ஹெட்போன் குவியலை அப்படியே கொடுங்கள். செம்பை எடுக்க வயரை எரிப்பதுதான் தெருவோரத்தில் நடக்கும் மிக மோசமான வேலை. வயர் உறையான பிவிசி பிளாஸ்டிக்கில் குளோரின் இருக்கிறது, செம்பு அதன் அருகிலேயே இருந்து வினையைத் தூண்டுகிறது, புகையில் டையாக்சின் என்ற கொடிய நஞ்சு உருவாகிறது. இயந்திரத்தால் உறையை உரித்து எடுக்கும் ஆலைக்குப் போனால் அதே செம்பு புகையில்லாமல் கிடைக்கும்.

போர்டுகளில் தங்கம் இருக்கிறது என்பது உண்மைதான். ஒரு டன் செல்போனில் 200 கிராமுக்கும் மேல் தேறும். ஒரு போனில் என்று பார்த்தால் ஒரு கிராமை நூறாகப் பிரித்தால் அதில் சில பங்குதான். யூடியூப் பார்த்து வீட்டில் நைட்ரிக் அமிலமும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்து தங்கம் எடுக்கக் கிளம்புகிறவர்கள் பழுப்பு நிறப் புகையை, அதாவது நைட்ரஜன் டையாக்சைடை, சுவாசித்து நுரையீரலைக் கெடுத்துக்கொள்வதுதான் மிச்சம். பெல்ஜியத்தின் ஹோபோகனில் உள்ள உமிகோர் போன்ற உலைகள் ஒரே போர்டிலிருந்து தங்கம், வெள்ளி, பல்லேடியம், செம்பு என்று ஒரு டஜனுக்கும் மேற்பட்ட உலோகங்களைப் பிரித்து எடுக்கின்றன. இந்திய நிறுவனங்கள் பல, போர்டை அப்படிப்பட்ட உலைகளுக்கு அனுப்பிவைக்கின்றன.

கொடுக்கும் முன் போனிலும் லேப்டாப்பிலும் உள்ள தரவைத் துடைக்க வேண்டும். போனில் வரிசை முக்கியம். முதலில் படங்கள், வாட்ஸ்அப் பேக்கப். அடுத்து, ஓடிபி உருவாக்கும் செயலி இருந்தால் அதைப் புதிய போனுக்கு மாற்றுவது. இதை மறந்துவிட்டு அழித்தவர்கள் கணக்குக்குள் நுழைய முடியாமல் தவிப்பார்கள். பிறகு வங்கி, யுபிஐ செயலிகளில் லாக் அவுட். அதன்பின் கூகுள் கணக்கை செட்டிங்ஸில் போய் நீக்கிவிட்டு, கடைசியாக ஃபேக்டரி ரீசெட். கணக்கை நீக்காமல் ரீசெட் செய்தால், வாங்குகிறவர் ஆன் செய்யும்போது உங்கள் பாஸ்வேர்டைக் கேட்டுப் பூட்டிக்கொள்ளக்கூடும். நல்ல போன் வெறும் உதிரிப் பாகமாகிவிடும். ஐபோனில் ஃபைண்ட் மை அணைத்து, ஐகிளவுடிலிருந்து வெளியேறிய பிறகு அழிக்க வேண்டும். மிகப் பழைய ஆண்ட்ராய்டு என்றால் செக்யூரிட்டி பகுதியில் தரவைச் சங்கேதமாக்கும் என்கிரிப்ஷனை முதலில் போட்டுவிட்டு ரீசெட் செய்யுங்கள். சிம், மெமரி கார்டு இரண்டையும் கையால் தடவிப் பார்த்து எடுங்கள்.

லேப்டாப்பில் ஃபைலை டிலீட் செய்வதோ, க்விக் ஃபார்மட்டோ போதாது. பெயர்ப்பட்டியல் மட்டும்தான் அழியும், தரவு அப்படியே கிடக்கும். விண்டோஸின் ரீசெட்டில் எல்லாவற்றையும் நீக்கு என்பதோடு டிரைவைச் சுத்தம் செய் என்பதையும் தேர்ந்தெடுங்கள். டிஸ்க்கைக் கழற்றி வேறொரு கணினியில் மாட்டித் துடைப்பதென்றால் விண்டோஸின் டிஸ்க்பார்ட் என்ற கருவியில் 'கிளீன் ஆல்' கட்டளை எல்லா இடத்திலும் பூஜ்யத்தை எழுதும், 500 ஜிபி டிஸ்க்குக்குச் சில மணி நேரம் பிடிக்கும். டிஸ்க் எண்ணைத் தவறாகக் கொடுத்தால் உங்கள் நல்ல டிஸ்க் காலி, எனவே கொள்ளளவைப் பார்த்து இரண்டு முறை சரிபாருங்கள். சுழலும் தட்டுக்குப் பதில் சிப்பில் தரவை வைக்கும் எஸ்எஸ்டிக்கு இந்த முறை முழுசாகப் பலிக்காது. தயாரிப்பாளர் தரும் செக்யூர் எரேஸ் மென்பொருள்தான் சரி. ஓடாத ஹார்டு டிஸ்க்கை டிரில் போட்டுத் துளைக்கலாம், ஆனால் லேப்டாப் டிஸ்க்கின் தட்டு பெரும்பாலும் கண்ணாடி. கண் கவசம் இல்லாமல் கை வைக்காதீர்கள்.

யாரிடம் கொடுப்பது? சட்டம் எங்கே நிற்கிறது என்று தெரிந்தால் இது புரியும். 2022 நவம்பரில் அறிவித்து 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மின்குப்பை விதிகள் 106 வகைப் பொருள்களைச் சேர்த்துக்கொண்டன. முன்பு 21 வகைதான். மிக்ஸி, ஃபேன் எல்லாம் உள்ளே வந்துவிட்டன. ஆனால் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு செய்ய வேண்டியவர்கள் நான்கு பேர்தான்: உற்பத்தியாளர், பிராண்டு நிறுவனம், பழுதுநீக்கி விற்பவர், மறுசுழற்சி ஆலை. சேகரிப்பு மையம் என்ற தனிப் பதிவு இப்போது இல்லை. ஆகவே 'மின்குப்பை சேகரிப்பு' என்று போர்டு மாட்டியிருப்பதே உத்தரவாதம் ஆகாது. அங்கிருந்து எந்த ஆலைக்குப் போகிறது என்பதைத்தான் கேட்க வேண்டும். இன்னொன்று, ஆலை எவ்வளவு இரும்பு, செம்பு, அலுமினியம், தங்கம் மீட்டது என்பதை வைத்துத்தான் சான்றிதழ் தருகிறார்கள், பிராண்டு நிறுவனங்கள் அதை வாங்கி, சட்டம் தங்களுக்கு வைத்த மறுசுழற்சி இலக்கை நிறைவு செய்கின்றன. ஈயக் கண்ணாடிக்கும் ஃபோமுக்கும் அந்தக் கணக்கில் மதிப்பெண் இல்லை. சட்டமும் காசாகிற பாகத்தைத்தான் எண்ணுகிறது என்பது என் வருத்தம்.

வாரியத்தின் மின்குப்பை இணையதளத்தில் மாநில வாரியாகப் பதிவு பெற்ற ஆலைகளின் பட்டியல் இருக்கிறது. போன் செய்து மூன்று விஷயம் கேளுங்கள். பதிவு எண் என்ன, பிக்சர் டியூபும் டியூப்லைட்டும் எடுப்பீர்களா, எடை போட்டு ரசீது தருவீர்களா. இரண்டாவது கேள்விக்கு 'போர்டு, போன், லேப்டாப் மட்டும்தான்' என்று பதில் வந்தால், அவர் காசாகிறதை மட்டும் பொறுக்குகிறவர். அதை அவருக்குத் தனியாகக் கொடுக்காதீர்கள். லாபம் தரும் பொருளும் தராத பொருளும் ஒரே வண்டியில் ஏறினால்தான் தராத பொருளுக்கும் இடம் கிடைக்கும். சென்னையில் இருப்பவர்கள் மாநகராட்சியின் 1913-ல் அழைத்து உங்கள் வார்டில் மின்குப்பை எப்போது, எங்கே எடுக்கிறார்கள் என்று கேட்கலாம். தினமும் வரும் தூய்மைப் பணியாளரிடம் கொடுப்பதென்றால் பேட்டரி, பல்பைக் குப்பையில் கலக்காமல் தனியாகக் கையில் கொடுத்து, என்னவென்று சொல்லிக் கொடுங்கள்.

ஒரு மிக்ஸிக்காக யாரும் வண்டி அனுப்ப மாட்டார்கள். அதனால் அடுக்குமாடிக் குடியிருப்பு சேர்ந்து செய்வதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும். மூன்று பாத்திரம் போதும்: பேட்டரிக்கு மணல் போட்ட தகர டின், டியூப்லைட்டுக்கு உயரமான அட்டைப்பெட்டி, மற்றதற்கெல்லாம் பிளாஸ்டிக் கிரேட். டிவி, ஃப்ரிட்ஜை அங்கே வைக்காமல் அவரவர் வீட்டிலேயே வைத்து, வண்டி வரும் நாளில் இறக்கச் சொல்லுங்கள். கார் நிறுத்துமிடத்திலோ மின்சார மீட்டர் அறையிலோ வைக்காதீர்கள். முன்னதில் ஐப்பசி மழைக்குத் தண்ணீர் ஏறும், பின்னதில் பேட்டரி புகைந்தால் கட்டடத்துக்கே கரண்ட் போகும். வாட்ச்மேன் அறைக்குப் பக்கத்தில் பூட்டுப் போட்ட இடம் நல்லது, இல்லையென்றால் செம்புக்காக இரவில் பிரித்துவிடுவார்கள். எந்த ஃபிளாட், என்ன பொருள் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஆலைகளே மின்குப்பையை 180 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று விதி சொல்கிறது; குடியிருப்பில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அனுப்பிவிடலாம். உப்பிய பேட்டரி ஒன்று வந்தால் மட்டும் அந்த மூன்று மாதத்தைப் பார்க்காமல் அன்றே ஆலைக்குப் போன் செய்யுங்கள். வண்டி வந்ததும் டியூப்லைட்டையும் பிக்சர் டியூப் டிவியையும் எண்ணிக்கையாகவும், மற்றதை எடையாகவும் ரசீதில் எழுதச் சொல்லிக் கையெழுத்து வாங்குங்கள். மொத்த எடை மட்டும் போட்ட ரசீதை வைத்துக்கொண்டு, டிவி எங்கே போனது என்று பிறகு கேட்க முடியாது.